நித்திரை கெட்டவனும் பேய்க்கதையும்

சென்ற வருடம் எங்கள் பிரதேசத்தில் நடந்த நூல் வெளியீட்டு விழா ஒன்றில் நயவுரை நிகழ்த்த வந்திருந்த மூத்த விமர்சகர் ஒருவர், பேச்சோடு பேச்சாக ஒரு தீர்ப்பையும் வழங்கிவிட்டுப் போனார். "பேய்க்கதை, திகில் நாவல் எல்லாம் வேலை வெட்டி இல்லாதவன் நித்திரை வருவதற்காகப் படிப்பது. வாழ்க்கையை எழுதுகிறவன் அவற்றிடமிருந்து கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை" என்பது அந்தத் தீர்ப்பு. சபை கைதட்டியது. நானும் கைதட்டினேன். இரண்டாம் வரிசையில், தெரிந்த முகங்களுக்கு மத்தியில் உட்கார்ந்துகொண்டு கைதட்டாமல் இருப்பதற்கு ஒரு தைரியம் வேண்டும். அது அன்றைக்கு என்னிடம் இருக்கவில்லை.

அந்தக் கைதட்டலைத் திரும்பப் பெற்றுக்கொள்வதற்காகவே இதனை எழுதுகின்றேன். நான் விமர்சகன் அல்லன். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று, ஒரு கிராமத்துப் பாடசாலையில் தமிழும் வரலாறும் கற்பிக்கின்றவன். நாற்பத்தைந்து வயது. கோட்பாடுகளின் பெயர் சொல்லி வாதாட எனக்குத் தெரியாது. ஆனால் இந்த ஒரு விடயத்தில் எனக்குச் சாட்சி சொல்லும் தகுதி இருக்கின்றது. மூன்று வருடங்கள் நித்திரை கெட்டவன் நான். எனக்கு என்ன நடந்தது என்பதை எனக்கே விளங்கப்படுத்திய ஒரே புத்தகம், அந்தப் பெரியவர் குப்பையில் போடச் சொன்ன வகையைச் சேர்ந்தது.

நடந்ததைச் சொல்லி விடுகின்றேன்.

என் வாப்பா 2021ஆம் ஆண்டு ஏழு மாதங்கள் படுக்கையில் கிடந்தார். இரவில் அவரைப் பார்ப்பது என்னுடைய முறை. கட்டிலின் கால்மாட்டில் பாய் விரித்துப் படுப்பேன். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். முதல் மாதம் கைத்தொலைபேசியில் மணி வைத்து எழும்பினேன். அதற்குப் பிறகு மணி தேவைப்படவில்லை. உடம்பு தானாகவே எழும்பப் பழகிக்கொண்டது. ஒக்டோபரில் வாப்பா மௌத்தானார். ஜனாஸாவை அடக்கினோம். நாற்பதாம் நாள் கத்தமும் ஓதினோம். ஊருக்கெல்லாம் அறிவித்தாயிற்று, என் உடம்புக்கு மட்டும் யாரும் அறிவிக்கவில்லை. அது தன் வேலையைத் தொடர்ந்து செய்தது.

முதலில் அதிகாலை நாலு மணிக்கு விழிப்பு வந்தது. சுபஹ் பாங்குக்குக் கொஞ்சம் முந்தித்தானே என்று இருந்துவிட்டேன். பிறகு மூன்றரை ஆயிற்று. பிறகு மூன்றேகால். கிழமைக்குக் கிழமை விழிப்பு முன்னுக்கு வந்துகொண்டே இருந்தது. 2022 நோன்பு பிறக்கும்போது 2.40இல் வந்து நின்றது. அந்த ஒரு மாதம் மட்டும்தான் நான் ஊரோடு சேர்ந்த மனிதனாக இருந்தேன். ஸஹருக்கு வீடுகளில் விளக்கு எரியும், அடுப்பு மூட்டும் சத்தம் கேட்கும், பிள்ளைகள் அழும். பெருநாள் கழிந்த அடுத்த இரவு 2.40க்கு யன்னலைத் திறந்து பார்த்தேன். தெருவெல்லாம் இருட்டு. ஊர் என்னை விட்டுவிட்டுப் படுத்துக்கொண்டது.

"என்ன சேர், நித்திர வாறல்லயா?" என்று கேட்காதவர் இல்லை. இந்தக் கேள்விக்கு என்னால் ஒருநாளும் சரியான பதில் சொல்ல முடிந்ததில்லை. நித்திரை வந்தது. பத்து மணிக்குத் தலையணையில் தலையை வைத்தால் பத்து நிமிடத்தில் வந்தது. வந்தது நிற்கவில்லை, அதுதான் பிரச்சினை. தமிழில் நித்திரையின்மை என்கிறோம், உறக்கமின்மை என்கிறோம், தூக்கமின்மை என்கிறோம். எல்லாமே இன்மைதான். வந்த விருந்தாளி சோறு வைப்பதற்கு முன்னமே எழும்பிப் போவதற்கு நம்மிடம் தனிச்சொல் இல்லை. சொல் இல்லாத நோயை யாரிடம் சொல்லி விளங்கப்படுத்துவது?

சொல் இல்லாவிட்டாலும் தீர்ப்புகளுக்குக் குறைவிருக்கவில்லை. மூன்று வகையான தீர்ப்புகள் எனக்குக் கிடைத்தன.

முதலாவது, அயலவர்களின் தீர்ப்பு. கண்ணூறு என்றார்கள். யாரோ எதையோ செய்து வைத்துவிட்டார்கள் என்றும் சொன்னார்கள். ஓதிய தண்ணீர் வந்தது, கையில் நூல் ஏறியது. இன்னொரு பக்கத்தால் பாலில் சாதிக்காய் அரைத்துக் குடிக்கச் சொன்னார்கள், உள்ளங்காலில் நல்லெண்ணெய் பூசச் சொன்னார்கள். அன்பாகச் சொன்னார்கள், நானும் அன்பாகக் கேட்டேன். 2.40 அப்படியே இருந்தது.

இரண்டாவது, பெரியவர்களின் தீர்ப்பு. "அல்லாஹ் ஒங்கள தஹஜ்ஜுத்துக்கு எழுப்புறான். நீங்க அத நோயெண்டு சொல்லிக்கிட்டுத் திரியிறீங்க" என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். நான் தொழுதேன். தொழுத இரவுகளில் மனசு ஆறியது, அதை மறைக்கமாட்டேன். ஆனால் காலை பதினொரு மணிக்குத் தரம் 8 வகுப்பில் கரும்பலகை எழுத்துக்கள் நீந்தத் தொடங்கிவிடும். இரவு எழும்பித் தொழுகிறவர் முன்னிரவில் தூங்குகிறார், தொழுதுவிட்டும் கண்ணயர்கிறார். அவர் தன் விருப்பத்தோடு எழும்புகிறார். என்னை என் விருப்பத்தைக் கேளாமல் பிடரியில் பிடித்துத் தூக்கி நிறுத்துகிறது எதுவோ. இரண்டையும் ஒன்றென்று சொல்வது வணக்கத்துக்கும் மரியாதையல்ல, நோயாளிக்கும் உதவியல்ல.

மூன்றாவது, நமது இலக்கிய நண்பர்களின் தீர்ப்பு. இதுதான் இங்கே எனக்கு முக்கியம். நண்பர் ஒருவர் கதையைக் கேட்டுவிட்டு உடனே சொன்னார்: "இது 90இன் காயம். நீங்கள் எழுத வேண்டியது இதைத்தான்."

அவர் சொன்னதில் ஆதாரம் இல்லாமல் இல்லை. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டபோது எனக்குப் பத்து வயது. ஒரு கிழமை கழித்து ஏறாவூர். அதற்குப் பிறகு எங்கள் ஊரிலும் ஆண்கள் இரவில் காவலுக்குப் போனார்கள். வாப்பாவும் போனார். உம்மா சிம்னி விளக்கைத் தணித்துவிட்டு, கதவைப் பார்த்தபடி சுவரில் சாய்ந்து இருப்பா. நாங்கள் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு விழித்திருந்தோம். இது எல்லாம் நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு முப்பது வருடங்கள் நான் நன்றாகத் தூங்கினேன் என்பதும் நடந்ததுதானே? 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போன பிறகும், இரண்டு மாதத்தில் என் நித்திரை திரும்பி வந்துவிட்டது. அப்படியிருக்க, என் 2.40ஐத் தூக்கி 1990இன் தலையில் கட்டினால் கதை அழகாக இருக்கும், விமர்சகர் "சமூகப் பின்புலம்" என்று பாராட்டுவார், ஆனால் அது உண்மையா? எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாக எழுதுவதற்குப் பெயர்தான் யதார்த்தவாதமா?

மூன்று தீர்ப்புகளும் செய்வது ஒரே காரியம்தான் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். மூன்றுமே காரணத்தை முதலில் கேட்கின்றன. காரணம் கிடைத்ததும் ஆளை விட்டுவிடுகின்றன. 2.40க்கு விழித்தவன் அதற்குப் பிறகு விடியும்வரை என்ன செய்தான், எங்கே இருந்தான், எதைப் பார்த்தான், மறுநாள் யாரோடு எப்படி நடந்துகொண்டான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதைக் கேட்டது ஒரு பேய்க்கதைதான்.

கொழும்பில் டீ.ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடையொன்றில் 2023இல் அதை வாங்கினேன். அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிங் எழுதி 1994இல் வெளியான நாவல். பெயர் 'இன்சோம்னியா'. நித்திரையின்மை என்றுதான் பொருள். அந்தப் பெயருக்காகத்தான் வாங்கினேன். ஏறத்தாழ 800 பக்கம். என் ஆங்கிலம் அகராதியின் தயவில் நடக்கின்ற ஆங்கிலம். நாலு மாதம் எடுத்தது. முழுக்க முழுக்க இரவில்தான் வாசித்தேன். அந்த நேரத்தில் எனக்கு வேறு வேலை இருக்கவில்லை.

மேய்ன் மாநிலத்தில் டெரி என்று ஒரு கற்பனை நகரம். அங்கே ரால்ஃப் ரொபர்ட்ஸ் என்று எழுபது வயது நெருங்கிய ஒரு மனிதர். மூளையில் கட்டி வந்து மனைவி மெல்ல மெல்லச் சாகிறார். ரால்ஃப் பக்கத்திலேயே இருந்து பார்க்கிறார். மனைவி போன பிறகு ஒருநாள் வழமையைவிடச் சற்று முந்தி விழிப்பு வருகிறது. அடுத்த கிழமை இன்னும் கொஞ்சம் முந்தி. தூங்கப் போவதில் அவருக்குப் பிரச்சினையே இல்லை. தூக்கத்தில் நிற்பதில்தான் பிரச்சினை. விழிப்பு நாளுக்கு நாள் இரவின் நடுப்பகுதியை நோக்கி நகர்ந்து வருகிறது. இதை வாசித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கை நடுங்கியது. பேய் எதுவும் இன்னும் கதைக்குள் வரவில்லை. என் கைத்தொலைபேசி 3.05 காட்டியது. என்னுடைய கணக்கை, நான் யாருக்கும் சொல்லாத கணக்கை, உலகத்தின் மறுபக்கத்தில் ஒருவர் எனக்கு முன்னமே எழுதி அச்சிட்டிருக்கிறார்.

ரால்ஃப் யன்னலோரக் கதிரையில் உட்கார்ந்து வெறும் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நானும் விறாந்தைக் கதிரையில் அப்படித்தான் இருந்தேன். தெருவில் காண்பவர் எல்லாரும் அவருக்கு ஒரு கைவைத்தியம் சொல்கிறார்கள். ஒருவரையும் அவரால் மறுக்க முடியவில்லை. சின்னச் சின்ன விடயங்கள் மறந்து போகின்றன. சாதாரண வேலைகள் மலையாகின்றன. வெளியில் சொன்னால் கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்பார்களோ என்று ஒளிக்கிறார். இந்தப் பக்கங்களில் எங்கே ஐயா இருக்கிறது, வேலை வெட்டி இல்லாதவனுக்கான மருந்து? எங்கள் பக்கத்தில் எந்த யதார்த்தக் கதை ஒரு நோயாளியின் இரவை இவ்வளவு பொறுமையாக, மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறது? நான் வாசித்தவரையில் இல்லை. இருந்தால் காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

நாவலின் தொடக்கத்தில் ஒரு சத்தம் வரும். மனைவி செத்துக்கொண்டிருக்கும் நாட்களில் ரால்ஃபுக்கு டிக், டிக் என்று ஏதோ அடிப்பது போலக் கேட்கும். மேற்கு நாடுகளில் பழைய வீடுகளின் மரங்களைத் துளைக்கின்ற ஒரு வண்டு இருக்கிறது. மரத்தில் தலையை மோதி மோதி அது அப்படிச் சத்தம் எழுப்பும். சாவுக்காவல் வண்டு என்பது அதன் பெயர். அது கேட்டால் வீட்டில் மௌத்து விழும் என்பது பழைய நம்பிக்கை. நம்பிக்கையின் காரணம் மிக எளிதானது. வண்டு எல்லா வீட்டிலும் அடிக்கிறது. சாகக் கிடக்கிறவருக்குப் பக்கத்தில் விழித்திருப்பவருக்கு மட்டும்தான் அந்த நிசப்தத்தில் அது கேட்கிறது. வாப்பாவின் அறையில் எனக்குக் கேட்டது வளையில் ஊர்ந்த பல்லியின் சத்தம். அது முன்னரும் அங்கேதான் இருந்திருக்கும். விழித்திருக்கிறவனுக்குத்தான் வீட்டின் மற்றச் சத்தங்கள் கேட்கும் என்பதை நான் அறிந்தது அப்போது. அதை எழுதலாம் என்று அறிந்தது இந்த நாவலில்.

பிறகு கதையில் ரால்ஃபுக்கு மனிதர்களைச் சுற்றி நிற ஒளிகள் தெரியத் தொடங்குகின்றன. இங்கேதான் நம்மவர்கள் "பார்த்தீரா, கற்பனை" என்பார்கள். 1964 ஜனவரியில் முடிவடைந்த ஒரு பரிசோதனையில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரைச் சேர்ந்த ராண்டி கார்ட்னர் என்ற 17 வயது மாணவர் 264 மணித்தியாலங்கள் நித்திரை இல்லாமல் இருந்தார். இல்லாததை இருப்பதாகக் காணும் நிலைக்கு அவரும் ஆளானார். நீண்ட விழிப்பு கண்ணை ஏமாற்றும் என்பது வைத்திய உலகம் அறிந்த செய்தி. என் விரல்களுக்கிடையில் இருந்த வெண்கட்டியைச் சுற்றி ஒரு மெல்லிய வெளிச்ச விளிம்பை நானே இரண்டு மூன்று தடவை கண்டேன். பயந்து வெண்கட்டியை மேசையில் வைத்துவிட்டேன். பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. பேய்க்கதைக்காரர் இல்லாத ஒன்றிலிருந்து தொடங்கவில்லை. நித்திரை கெட்டவன் உண்மையில் காண்பதிலிருந்துதான் தொடங்குகிறார்.

இனி நான் சொல்லப் போவது எனக்குச் சுலபமானதல்ல.

அந்த நாவலில் எட் டீப்னோ என்று ஓர் இளைஞன் வருகிறான். இரசாயனவியல் படித்த, நல்ல மனமுள்ள அயல்வீட்டுக்காரன். அவன் மாறுகிறான். ஒருநாள் மனைவியை இரத்தம் வரும்படி அடிக்கிறான். அவள் அடிபட்ட முகத்தோடும் கைக்குழந்தையோடும் தெருவில் வருவதை ரால்ஃப் காண்கிறார். நான் ரால்ஃபில் என்னைக் கண்டு ஆறுதலடைந்துகொண்டிருந்தவன், எட்டிடம் வந்ததும் நின்றுவிட்டேன்.

2022 ஓகஸ்டில் ஒரு நாள். நாலாவது பாடவேளை. எழுதிக்கொண்டிருந்த என் முதுகுக்குப் பின்னால் ஒரு மாணவனின் கொம்பாஸ் பெட்டி சீமெந்துத் தரையில் விழுந்தது. அவ்வளவுதான். தகரம் விழுந்த சத்தம் என் தலைக்குள் விழுந்தது. திரும்பி, மேசையிலிருந்த மர அடிமட்டத்தை எடுத்து, குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்த பிள்ளையின் கையில் அடித்தேன். விளிம்பு பட்டுப் புறங்கை வெடித்து இரத்தம் வந்தது. வகுப்பு முழுவதும் அசையாமல் இருந்தது. பிள்ளை அழவில்லை. மற்றக் கையால் பென்சில்களைப் பொறுக்கிப் பெட்டிக்குள் போட்டான். பதினெட்டு வருட ஆசிரியச் சேவையில் ஒரு பிள்ளையின் இரத்தத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை.

அன்று பின்னேரம் அவன் வீட்டுக்குப் போனேன். தகப்பன் கடலில். உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "சேர் அடிச்சா அது படிப்புக்குத்தானே. அதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?" என்று சொல்லித் தேத்தண்ணி ஊற்றித் தந்தா. நான் படிப்புக்கு அடிக்கவில்லை என்று அவவிடம் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன். மறுநாள் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் முகத்தை நேரே பார்க்க எனக்கு நீண்ட நாள் எடுத்தது.

இதை ஏன் எழுதுகிறேன்? இந்த இடத்தில்தான் எனக்கும் அந்த நாவலுக்கும் சண்டை தொடங்குகிறது. பேய்க்கதையைத் தூக்கிப் பிடிக்க வந்தவன் அதன் குற்றத்தை மறைக்கக் கூடாது.

எட் ஏன் அப்படியானான்? நாவலின் பின்பாதி பதில் சொல்கிறது. கிரேக்கத் தொன்மத்தில் விதியின் நூலை நூற்று, அளந்து, வெட்டுகின்ற மூன்று தேவியரின் பெயர்களைத் தாங்கிய மூன்று மொட்டைத்தலைக் குள்ளர்கள் வைத்தியர் வேடத்தில் வருகிறார்கள். அவர்களில் ஒருவனான அற்றோபொஸ் எட்டைப் பிடித்துவிட்டான். அவனுக்கும் மேலே இன்னொரு தீய அரசன் இருக்கிறான். ரால்ஃபின் நித்திரை ஏன் கெட்டது? மற்ற இரண்டு குள்ளர்களும் ஒரு பெரிய காரியத்துக்காக அதை வேண்டுமென்றே கெடுத்தார்கள். அவர் ஒரு பேரழிவைத் தடுத்து ஒரு சிறுவனைக் காப்பாற்ற வேண்டும். ஆக, நித்திரை கெட்டவன் தேர்ந்தெடுக்கப்பட்டவன். அடித்தவன் ஆட்டுவிக்கப்பட்டவன்.

இது எனக்குப் பழக்கமான பதில் அல்லவா? "அல்லாஹ் எழுப்புறான்" என்று ஒருவர் எனக்குச் சொன்னார். "யாரோ செய்து வைத்திருக்கிறார்கள்" என்று இன்னொருவர் சொன்னார். கிங் இரண்டையும் அமெரிக்கச் சட்டை போட்டு அனுப்புகிறார். முதல் பாகத்தில் காரணம் கேளாமல் என்னோடு கதிரையில் உட்கார்ந்திருந்த மனிதர், பின்பாதியில் எழும்பி நின்று தீர்ப்பு வழங்குகிறார். அந்தப் பிள்ளையின் கையை வெட்டியது எந்தக் குள்ளனும் அல்லன்; என் கை. நித்திரை கெட்டதால் கோபம் வந்தது என்பது உண்மை. கோபம் வந்ததால் அடிமட்டத்தை எடுத்தேன் என்பது என் தெரிவு. இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கின்ற ஓர் அங்குல இடைவெளியில்தான் மனிதன் இருக்கிறான். இலக்கியத்துக்கு வேலையும் அங்கேதான் இருக்கிறது. நாவல் அந்த இடத்தைக் குள்ளர்களைப் போட்டு அடைத்துவிட்டது.

கிங்கே இதை அறிந்திருக்கிறார். 2000இல் வெளியான எழுத்துக்கலை பற்றிய தனது நூலில், கதைத்திட்டத்துக்குள் வலிந்து இழுக்கப்பட்டு விறைத்துப்போன நாவல்களில் ஒன்றாக இதையும் அவர் ஒப்புக்கொள்கிறார். நம்மில் எத்தனை பேர் நமது அச்சான புத்தகத்தைப் பற்றி அப்படி எழுதியிருக்கிறோம்?

2003இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக அறக்கட்டளை கிங்குக்கு வாழ்நாள் பங்களிப்புப் பதக்கம் அறிவித்தபோது, பேராசிரியர் ஹரோல்ட் புளூம் மிகக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். ஆக, எங்கள் நூல் வெளியீட்டு விழாவில் கேட்டது புதிய குரல் அல்ல. புளூம் நிறையப் படித்தவர். அவரோடு வாதாட எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஒரு நூலைத் தரம் பிரிப்பது வேறு. அந்த வகையையே வாசலில் நிறுத்தி வைப்பது வேறு. நாவலின் பின்பாதி தோற்றுவிட்டது என்று நான் சொல்வதற்கு முன்பாதியை வாசிக்க வேண்டியிருந்தது. எங்கள் பெரியவர் எதை வாசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்?

நமது மரபு இந்த விடயத்தில் ஏழையல்ல. குறுந்தொகையின் 6ஆம் பாட்டில் பதுமனார், உலகமே தூங்க ஒருத்தி மட்டும் விழித்திருப்பதை எழுதினார். 28ஆம் பாட்டில் ஔவையார், தன் நோயறியாமல் தூங்குகிற ஊரின் மீது ஒருத்திக்கு வருகின்ற ஆத்திரத்தை எழுதினார். பெருநாள் கழிந்த இரவு யன்னலில் நின்ற எனக்கு அந்த ஆத்திரம் தெரியும். ஊரை அடித்து எழுப்ப வேண்டும் போல இருந்தது. அந்த ஆத்திரம்தான் நாலு மாதம் கழித்து ஒரு பிள்ளையின் கையில் இறங்கியது. இந்தப் பாட்டுகளை வருடாவருடம் பிரிவாற்றாமை என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவன் நான். காதலியின் விழிப்புக்குத் திணையும் துறையும் வைத்திருக்கிறோம். தகப்பனைப் புரட்டிப் புரட்டி விழிப்புப் பழகிய ஒரு நடுத்தர வயது ஆணுக்கு, பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு மாதக்கணக்காய்க் கண்மூடாத பெண்ணுக்கு, இரவுக் காவலாளிக்கு, கடலுக்குப் போன மகனுக்காக விழித்திருக்கும் உம்மாவுக்கு எந்தத் துறை? நமது சிறுகதைகளில் நித்திரை வராதவன் பெரும்பாலும் சிந்தனையாளனாக இருக்கிறான். கட்டிலில் புரண்டு பழைய நினைவுகளை ஒழுங்காக வரிசைப்படுத்துகிறான். உண்மையில் 2.40க்கு எவனும் வரிசையாகச் சிந்திப்பதில்லை. கடன் எவ்வளவு என்று கூட்டுகிறான், கூட்டியது பிழைக்கிறது, மறுபடி கூட்டுகிறான்.

என் நித்திரைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கடைசியில் ஒரு வைத்தியரிடம் போனேன். அவர் காரணத்தைத் துருவவில்லை. குளிசை நெடுக எடுக்கும் விடயமல்ல என்றார். விழித்தபடி படுக்கையில் கிடக்க வேண்டாம், எழும்பி வெளியில் இருந்துவிட்டு நித்திரை வந்தால் மட்டும் திரும்பிப் படுங்கள் என்றார். களைப்பென்று முந்திப் படுக்காதீர்கள், இரவு எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்தில் எழும்புங்கள், பகலில் கண்ணயராதீர்கள் என்றார். முதல் இரண்டு கிழமை நரகமாக இருந்தது. பிறகு மெல்ல மெல்லத் திரும்பியது. இப்போது பெரும்பாலான நாட்களில் நாலரை வரை தூங்குகிறேன். நீண்டகால நித்திரையின்மைக்கு குளிசைக்கு முன்னதாக இப்படியான பழக்கவழிச் சிகிச்சையையே செய்ய வேண்டும் என்று அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்திருப்பதைப் பின்னர் அறிந்தேன். எவ்வளவு சாதாரணமான மருந்து! கண்ணூறும் இல்லை, தேர்வும் இல்லை, வரலாறும் இல்லை. தன் வேலை முடிந்துவிட்டது என்று உடம்புக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினோம், அவ்வளவுதான்.

ஆனால் அந்த வைத்தியரிடம் போவதற்கு எனக்கு வாய் வந்தது நாவலுக்குப் பிறகுதான். "நித்திரை வருகுது டொக்டர், முந்தி எழும்பிவிடுகிறேன். கிழமைக்குக் கிழமை நேரம் முன்னுக்கு வந்தது" என்று ஒரே மூச்சில் சொன்னேன். ரால்ஃபிடம் கற்ற வாக்கியம் அது. கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்று சொன்ன பெரியவருக்கு என்னுடைய மறுப்பு இந்த ஒரு வாக்கியம்தான்.

எழுதுகிற தம்பி, தங்கைமாருக்குச் சொல்வதும் சுருக்கமானதுதான். பேய்க்கதையை வாசியுங்கள். அது பயத்தை எப்படிப் பொறுமையாகக் கட்டுகிறது என்று பாருங்கள். குள்ளர்கள் வந்து காரணம் சொல்லத் தொடங்கும் இடத்தில் எச்சரிக்கையாகுங்கள். அதே குள்ளர்கள் நமது முற்போக்குக் கதைகளிலும் வேறு பெயரில் வந்து போகிறார்கள். நமது வீடுகளில் இரவு 2.40க்கு யாரோ விழித்திருக்கிறார்கள். அவர்களுக்குக் காரணம் கண்டுபிடித்துக் கொடுக்க அவசரப்படாமல், முதலில் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருந்து பாருங்கள். அங்கே என்ன கேட்கிறதோ அதை எழுதுங்கள்.

அந்த மாணவன் இப்போது உயர்தரம் படிக்கிறான். வீதியில் கண்டால் சலாம் சொல்கிறான். புறங்கையில் வெள்ளையாய் ஒரு கோடு இருக்கிறது. அதற்கு நான்தான் காரணம். வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பெரியவருக்கோ அவரது மாணவர்களுக்கோ மறுப்பிருந்தால் அடுத்த இதழில் எழுதட்டும். இரவு பத்து மணிக்குப் பிறகு மட்டும் தொலைபேசியில் அழைத்து வாதாட வேண்டாம். நான் படுத்திருப்பேன்.